சமாதானம் சொல்ல வந்தவன்

அவன் உள்ளே வந்தபோது மழையும் கூடவே வந்தது.

கதவைத் திறந்தவன் அப்படியே கால்மிதி மேல் நின்றுவிட்டான். தலைமுடியில் இருந்து ஒரு சொட்டு... மூக்கு நுனியில் இருந்து ஒரு சொட்டு... சட்டைத் தோளில் ஒரு கிழிசல். கால் முழுக்கச் சேறு. ஆனால் அந்தக் கண்கள்... அவ்வளவு மழையிலும் நனையாமல் வந்தது அவை மட்டும்தான். அந்தக் கண்கள் சூப் அண்டாவை ஒரு தடவையும், அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவளைப் பல தடவையும் பார்த்தன.

இதெல்லாம் பூங்கொத்து அக்கா சொன்னது. ஆலயத்தில் பீடத்துக்குப் பூ அடுக்குவது அக்காவுக்கு வேலை. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பது ஊழியம்.

அந்தச் சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கும். நம்புகிறவர்கள் வருவார்கள், பாதி நம்புகிறவர்கள் வருவார்கள், நம்பவே நம்பாதவர்களும் வருவார்கள். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான். சனிக்கிழமை மத்தியானம் பசியோடு யார் வந்தாலும் பக்கத்துக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் உண்டு. வருகிறவர்களிடம் யார், எவர், என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இது பாஸ்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

அந்த உத்தரவு மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

கரண்டியோடு நின்றவள் மருந்துக் கடைக்காரி. வார நாட்களில் அவளிடம் மாத்திரை வாங்கியவர்களுக்கு அவள் நாக்கு தெரியும். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு அட்டையிலயே எழுதியிருக்கு, கண்ணாடியைப் போட்டுப் படிங்க" என்பாள். ஆனால் சனிக்கிழமை ஏப்ரனைக் கட்டிவிட்டால் போதும், அதே வாயில் தேன் ஒழுகும். நனைந்து நின்றவனைப் பார்த்ததும் அவள் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. கரண்டியை வைத்துவிட்டு ஓடினாள்.

"வாங்கண்ணா... உள்ள வாங்க. வெக்கப்படாதீங்க."

"இல்லைங்க, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணா. இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டோம். உக்காருங்க."

"அதில்லைங்க, பாஸ்டரம்மா என்னை..."

"பாஸ்டரம்மா எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க. மொதல்ல வயிறு."

உட்கார்ந்தான். கையில் கிண்ணம் வந்தது. தலையில் துண்டு வந்தது. பழைய துணிகள் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி முதுகில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்கியது. அதையும் அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் எடுத்துவந்து அவன் தோளில் போர்த்தினாள். யாரோ தானமாகக் கொடுத்ததுதானே...

"எல்லாருக்கும் ஒரு கஷ்ட காலம் வரும்ணா. போயிடும்."

"அப்படீங்களா..."

"கைகால் நல்லா இருக்கில்ல? ஏதாவது ஒரு வேலை கத்துக்கிட்டுப் பொழைச்சுக்கலாம். மனசை விட்டுடாதீங்க."

அவன் மனசை விடுகிறவனாகத் தெரியவில்லை. இரண்டாவது கிண்ணம் காலி. கொஞ்சம் தயங்கி நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமாங்க?"

பாவம், எத்தனை நாள் பட்டினியோ... கண்ணோரத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே மூன்றாவது கிண்ணம் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டரம்மா உள்ளே வந்தார்.

"அடடே, வந்துட்டீங்களா! பாத்திரம் கழுவ ஆள் வேணும்னு நாம எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தோமே, இவர்தான். பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறவர். ஊருக்குப் புதுசு." கிண்ணத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "என்ன தம்பி, கழுவ வந்த இடத்துல பந்தியில உக்காந்துட்டீங்க?"

கூடமே சிரித்தது பாருங்கள்... சூப் குடிக்க வந்தவர்கள்கூடக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மருந்துக் கடைக்காரியின் முகம் காதோடு சிவந்தது. "ஏன் முன்னாடியே சொல்லல நீங்க?"

"சொல்ல வந்தேங்க. வாயைத் திறந்தப்பல்லாம் ரொட்டி வந்துச்சு."

"சரி, மூணாவது கிண்ணம்?"

"அது..." அவன் தலையைச் சொறிந்தான். "கைகால் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அதுல கையை வச்சுப் பாத்திரம் கழுவட்டுமா, இல்ல வேற வேலை கத்துக்கட்டுமா?"

அவள் கரண்டியை அண்டாவுக்குள் போட்ட வேகத்தில் சூப் தெறித்துப் பூங்கொத்து அக்காவின் புதுச் சட்டையில் விழுந்தது. அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. பார்த்த காட்சிக்கு அது நியாயமான கட்டணம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மருந்துக் கடைக்காரிக்குக் 'கருணை' என்று பெயர் விழுந்தது. வைத்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடியவிடாதது அந்த ஸ்வெட்டர்.

சாயங்காலம் வீட்டில் அவள் அப்பா கேட்டார். "என் ஸ்வெட்டரைப் பாத்தியாம்மா? கூடத்துல நாற்காலி அடுக்கறப்ப கழட்டி மாட்டினேன்..."

அவளுக்கு அந்த நாற்காலி முதுகு நினைவுக்கு வந்தது. அதைப் போர்த்திக்கொண்டே போயிருந்தான் லிஃப்ட்காரன்.

அப்பா ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். மனைவி இறந்ததில் இருந்து அவருக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆராதனைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். ஆனால் ஆண்டவருடைய நாற்காலிகள் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து அடுக்கிவிட்டுப் போவார். அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் மனைவி கடைசியாகப் பின்னியது. பாதியில் நூல் தீர்ந்துபோய், ஒரு முழங்கைக்கு மட்டும் சிவப்பு நூல் போட்டிருந்தாள். "சிக்னல் மாதிரி இருக்கட்டும், எங்க ரயில் ஓட்டினாலும் கடைசியில வீட்டுல வந்து நில்லுங்க" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

"துவைக்கப் போட்டிருக்கேன்பா" என்றாள் மகள்.

மறுநாள் ஞாயிறு. அந்தச் சபையில் ஆராதனைக்கு நடுவே ஒரு வழக்கம் உண்டு. "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்பார் பாஸ்டரம்மா. உடனே எல்லோரும் எழுந்து, திரும்பி, கைகுலுக்கி, "சமாதானம்... சமாதானம்..." என்று ஒரே இரைச்சல். வாரம் முழுக்கப் பார்க்கிங் தகராறு பண்ணியவர்கள்கூட அந்த இடத்தில் கை கொடுத்தாக வேண்டும்.

லிஃப்ட்காரன் பின்வரிசையில் இருந்து நேராக அவளிடம் வந்து கையை நீட்டினான். உடம்பில் அதே ஸ்வெட்டர். சிவப்பு முழங்கை அவள் மூக்குக்கு நேரே நீண்டது.

"சமாதானம்."

"ஸ்வெட்டரைக் குடுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இங்கயேவா?"

"விளையாடாதீங்க. அது தானத்துக்கு வந்தது இல்ல. எங்கப்பாவோடது. தப்பா எடுத்துக் குடுத்துட்டேன்."

அவன் முகத்தில் இருந்த குறும்பு சட்டென்று இறங்கியது. "ஐயையோ... தெரியாதுங்க. துவைச்சு வர்ற சனிக்கிழமை கொண்டுவந்துடறேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் திரும்பித் தூணுக்குப் பக்கத்தில் நின்ற, பியானோ வாசிக்கும் அக்காவுக்குக் கை கொடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. அவனும் வந்தான். ஸ்வெட்டர் வரவில்லை.

"காயலைங்க."

அடுத்த சனிக்கிழமை? "அது... ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

ஸ்வெட்டர்தான் வரவில்லையே தவிர, மற்ற எல்லாமும் வந்துகொண்டிருந்தது. அண்டாவைத் தூக்க அவள் குனிந்தால் மறுபக்கக் கைப்பிடியில் அவன் கை. துடைக்கத் துணி தேடினால் அவன் தோளில் இருந்து துணி. பாத்திரம் கழுவும் தொட்டியடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே மட்டும் பூங்கொத்து அக்காவுக்கு ஏன் அடிக்கடி கை கழுவ வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியாது.

"ஏங்க கருணை, அந்தக் கரண்டியை இப்படித் தர்றீங்களா?"

"என் பேரு கருணை இல்ல."

"சரி, ஒரு ஒப்பந்தம். நான் கருணையை வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க அன்னிக்குக் கூப்பிட்டதை வாபஸ் வாங்கிக்கோங்க."

"என்ன கூப்பிட்டேன்?"

"அண்ணா."

"ஏன், மரியாதையான வார்த்தைதானே?"

"மரியாதை போதும்ங்க..." சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "வேற ஏதாவது கையிருப்பு இருந்தா பாருங்க."

அவள் காதில் விழாத மாதிரி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் தட்டில் பட்டு இரண்டு பேர் மேலும் பாய்ந்தது. அவள் சிரித்தாளா? சிரிக்கவில்லை என்று அவள் சத்தியம் செய்வாள். கன்னத்தில் விழுந்த குழி வேறு கதை சொன்னது.

இங்கேதான் வந்தது வினை.

ஒரு ஞாயிறு காலை அவள் கிளம்பும்போது அப்பா துணிக் கொடிக்குக் கீழே நின்றிருந்தார். கொடியில் எதுவும் இல்லை. கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொலைஞ்சிருந்தா தொலைஞ்சுதுன்னு சொல்லிடும்மா" என்றார் திரும்பாமலே. "பரவால்ல. தேடறதை நிறுத்திக்குவேன்."

அந்தப் 'பரவால்ல' அவளை வழியெல்லாம் துரத்தியது. ஆலயத்துக்குள் நுழைந்தபோது அவளுக்குள் அண்டா கொதித்தது. பாஸ்டரம்மா சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார், எல்லோரும் எழுந்தார்கள், இரைச்சல் கிளம்பியது. அவன் வந்தான். இன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை. கையை நீட்டினான்.

"சமாதா..."

"ஸ்வெட்டர் எங்க?"

"அதைத்தாங்க சொல்ல வந்தேன். வெந்நீர்ல வந்து..."

"போதும்! காயலைன்னு ஒரு சமாதானம், வேலை பாக்கின்னு ஒரு சமாதானம், இன்னிக்கு வெந்நீரா? வாரா வாரம் ஒரு சமாதானம்! உங்க சமாதானம் ஒண்ணும் எனக்கு வேண்டாம்!"

இரைச்சல் எப்போதும் இழுத்துக்கொண்டே போகும். அன்றைக்கென்று பார்த்து, அந்த விநாடியில் அடங்கியிருந்தது. 'எனக்கு வேண்டாம்' என்பது கூரை வரை போய் மணிக்கூண்டில் இடித்துத் திரும்பி வந்தது.

அந்த ஆலயம் கட்டிய நாளில் இருந்து சமாதானம் வேண்டாம் என்று உரக்கச் சொன்ன ஆள் யாரும் இல்லை. பாஸ்டரம்மா அடுத்து வாசிக்க வேண்டியது பகைவரை நேசிப்பது பற்றிய பகுதி. அவர் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பேசாமல் பக்கத்தைத் திருப்பி வேறொன்றை வாசித்தார்.

அவன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை தொட்டியில் பாத்திரங்கள் மலை மாதிரி குவிந்தன. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்ந்தாள். யாரோ... யாரோ... வேறு யாரோ. அவர்களுக்கெல்லாம் "வாங்கண்ணா" என்றாள், "வெக்கப்படாதீங்க" என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த வார்த்தைகள் உறுத்தின. இவனை ஒன்றும் இல்லாதவன் என்று நினைத்தபோது என்னவொரு கனிவு! பேசவிடாமல் ஊட்டினாயே. சம்பாதிக்கிறவன் என்று தெரிந்ததும் ஒரு வாக்கியத்தை முடிக்கவிட்டாயா? கையாலாகாதவனுக்கு மட்டும்தானா உன் கருணை...

சூப்பில் உப்பு கூடிப்போனது. கண்ணீரால்தான் என்று பூங்கொத்து அக்கா சொல்கிறாள். அக்கா எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

அதற்குப் பிறகு சபையின் ஏரி உலா. மாதம் ஒரு முறை எல்லோரும் எங்காவது கிளம்புவார்கள். பிரசங்கம் கிடையாது, நடை, அரட்டை, ஒரு பெரிய கெட்டில் நிறைய டீ. அப்பாவும் வந்தார். ஏரியோடு அவருக்குப் பிணக்கு இல்லை.

டீ கொதித்துக்கொண்டிருந்தபோது கரையோரமாக அவன் வந்தான். கையில் ஒரு காகிதப் பை. மருந்துக் கடைக்காரியின் பக்கம் பார்க்காமல் நேராக அப்பா முன்னால் போய் நின்றான்.

"ஐயா, உங்க ஸ்வெட்டர்."

பைக்குள் இருந்து எடுத்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றது. பொம்மைக்குப் போடலாம். கைக்குழந்தைக்குக்கூட இறுக்கும்.

"சமாதானம் சொல்ல வரலைங்கையா. என் தப்புதான். கம்பளியை வெந்நீர்ல போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. இழுத்துப் பாத்தேன். கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாத்தேன். தையல்காரர்கிட்ட போனேன், சிரிச்சார். கம்பளிக் கடையில கேட்டேன், அவங்களும் சிரிச்சாங்க. எப்படியாவது பழையபடி ஆக்கிக் குடுத்துடலாம்னுதான் இத்தனை வாரம்... மன்னிச்சிடுங்க."

அப்பா அதை வாங்கி விரித்துப் பார்த்தார். உடம்பெல்லாம் சுருங்கியும் அந்தச் சிவப்பு முழங்கை மட்டும் பளிச்சென்று இருந்தது. விரலால் அதைத் தடவினார்.

"அப்பா..." அவள் முன்னால் வந்தாள். குரல் உடைந்தது. "அவர் மேல தப்பில்லப்பா. நான்தான் தானத்துக்கு வந்ததுன்னு நினைச்சு எடுத்துக் குடுத்தேன். உங்ககிட்ட பொய் வேற சொன்னேன்."

அப்பா ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டமே ஏரியைப் பார்ப்பது மாதிரி நடித்தது.

"அப்ப..." என்றார் கடைசியில். "துவைக்கப் போட்டிருக்கேன்னு தினம் சொன்னியே. இத்தனை வாரம் ஊறினா சுருங்காம என்ன செய்யும்?"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தாள். இல்லை... சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "கல்யாணமான புதுசுல உங்கம்மா என் யூனிஃபார்மை இப்படித்தான் பண்ணினா. அரைக்கையோட ரயில் ஓட்டினேன். வெந்நீர்தான், அதே வெந்நீர்..." சிரிப்பு ஓய்ந்ததும் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. நான் உங்கம்மாவோட பேசணும்."

அந்தப் பக்கம் என்றால் ஏரிதான். மிதிபடகுகள் எல்லாம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அதை மட்டும் யாருக்கும் விடாமல் கயிற்றைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றது பூங்கொத்து அக்கா. "தற்செயலா இருந்துச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

ஆளுக்கொரு பக்கம் மிதி. ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் படகு வட்டமடிக்கும். கூச்சத்தில் அவள் வேகமாக மிதித்தாள். அவன் மிதிக்க மறந்து அவளைப் பார்த்தான். வாத்து மூஞ்சி வைத்த அந்தப் படகு ஒரே இடத்தில் சுற்றியது.

"மிதிங்க" என்றாள்.

"அன்னிக்கு நீங்க ஒண்ணும் தப்பா நினைக்கலைங்க" என்றான் அவன்.

"என்னது?"

"இந்த ஊருக்கு வந்ததுல இருந்து யார்கூடவும் பேசினதில்ல. லிஃப்டுல 'கதவு திறக்கிறது'ன்னு ஒரு குரல் சொல்லும் பாருங்க... ஒருநாள் அதுக்கு 'நன்றிங்க'ன்னு பதில் சொல்லிட்டேன். சொன்னதும் பயமாயிடுச்சு. பாத்திரம் கழுவ வந்ததே மனுஷங்க குரல் கேக்கத்தான். கதவைத் திறந்தா நீங்க... வாங்கன்னீங்க, உக்காருங்கன்னீங்க." அவன் தண்ணீரைப் பார்த்தான். "பசியோடதாங்க வந்தேன். மூணாவது கிண்ணம் சூப்புக்காக இல்ல. எந்திரிச்சா நீங்க வேற யாரையாவது பாக்கப் போயிடுவீங்களேன்னுதான்."

முதல் துளி அவள் இமை மேல் விழுந்தது. பிறகு ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள்... மழை.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். நெஞ்சு மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணை வாபஸ் வாங்கணும்" என்றாள்.

"சமாதானம் வேண்டாம்னு சொன்னதையா?"

"அது அப்புறம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. "மொதல்ல... அண்ணான்னு கூப்பிட்டதை."

அவனுக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தான். படகு இப்போது மறுபக்கமாகச் சுற்றியது.

"கையிருப்புல வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேனே..."

"இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல தர மாட்டேன். மருந்துக் கடைக்காரி நான், அளவாத்தான் தருவேன்." நனைந்த கையை நீட்டினாள். "இப்போதைக்கு... சமாதானம்."

"சமாதானம்" என்றான். கையைப் பிடித்தவன் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. கைகுலுக்குவதென்றால் அது ரொம்ப நீளமான கைகுலுக்கல்.

"ரெண்டு பேரும் மிதிச்சாத்தான் கரைக்கு வர முடியும்!" என்று கரையில் இருந்து கத்தினாள் பூங்கொத்து அக்கா. அவர்களுக்குக் கரைக்கு வரும் அவசரம் இல்லை என்று தெரிந்தும்தான் கத்தினாள்.

தொப்பலாக நனைந்து அவர்கள் கொட்டகைக்கு வந்தபோது அப்பா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் கெட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். கெட்டில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தது. கழுத்துவழி மூடியும் கைப்பிடியும், ஒரு கைவழி கெட்டிலின் மூக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும் அந்தச் சிவப்பு முழங்கை குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

"அப்பா...!"

"எனக்கும் பத்தாது, உனக்கும் பத்தாது. இதுக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கு." அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். "தொட்டுப் பாரு. மழை தொடங்கறதுக்கு முன்னாடி இறக்கினது. இன்னும் சூடு விடல உங்கம்மா."

அவன் கையிலும் ஒரு கோப்பை வந்தது. குடித்தான். இன்னொன்று. அதையும் குடித்தான். பிறகு கொஞ்சம் தயங்கி நிமிர்ந்து, அவளை மட்டும் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமாங்க?"

"வெக்கப்படாதீங்க" என்றாள் அவள்.

பூங்கொத்து அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குப் பின்னால் 'அண்ணா' வரவே இல்லை.